காற்றுப் பம்பின் சூடும் தொட்டி நீரின் சூடும்

கத்திரி வெயில் காலத்துப் பிற்பகலில், மொட்டைமாடியில், மண்ணில்லாமல் சத்துக்கரைசலில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் கீரை வளர்ப்பவர் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறார். காலையில் விறைப்பாக நின்ற லெட்டூஸ் இலைகள் துவண்டிருக்கின்றன. வெள்ளையாக இருந்த வேர்களில் பழுப்பு படர்ந்திருக்கிறது. சத்துக்கரைசலில் விரலை விட்டால் வெதுவெதுவென்றிருக்கிறது. பக்கத்தில் இருந்து நீருக்குள் காற்றை ஊதிக்கொண்டிருக்கும் காற்றுப் பம்பைத் தொட்டால், அது கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. இந்தச் சூடுதான் குழாய் வழியாகத் தொட்டிக்குள் போகிறது என்ற முடிவுக்கு அவர் உடனே வந்துவிடுகிறார். அந்த முடிவு முழுத் தவறல்ல. ஆனால் அதை மட்டும் நம்பிப் பெரிய பம்ப், செம்புக் குழாய்ச் சுருள், ஐஸ் பெட்டி என்று செலவு செய்பவர்கள், வெப்பம் உண்மையில் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பணமும் மிஞ்சும், பயிரும் பிழைக்கும். பம்ப் எவ்வளவு சுடுகிறது என்பதைவிட, அது எந்தக் காற்றை இழுத்து எந்த வெப்பநிலையில் நீருக்குள் விடுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

முதலில், நீர் சூடாவதை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும் என்பதைப் பார்க்கலாம். ஆழ்நீர் முறையில் வேர்கள் நாள் முழுவதும் கரைசலில் மூழ்கியே இருப்பதால், அவை சுவாசிக்கும் ஆக்சிஜன் நீரில் கரைந்திருந்தாக வேண்டும். கடல்மட்ட உயரத்தில், 20 டிகிரி செல்சியஸில் உள்ள நன்னீர், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் அது 8.3 ஆகவும், 30 டிகிரியில் 7.6 ஆகவும், 35 டிகிரியில் 7 ஆகவும் இறங்குகிறது. எவ்வளவு பெரிய பம்பை வைத்துக் காற்றை ஊதினாலும் இந்த எல்லைக்கு மேல் நீரில் ஆக்சிஜனை நிலையாக வைத்திருக்க முடியாது. இதில் மட்டும் பார்த்தால் இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் வெப்பநிலை 10 டிகிரி கூடும்போது வேரின் சுவாசம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வரவு குறையும் அதே நேரத்தில் செலவு இரட்டிப்பாகிறது. வேர்கள் அடர்ந்து பாய் போல் பின்னிக் கிடக்கும் முதிர்ந்த தொட்டியில், குமிழிகள் எட்டாத நடுப்பகுதியில்தான் பழுப்பு முதலில் தொடங்குகிறது.

பித்தியம் எனப்படும் வேரழுகல் நுண்ணுயிரியின் தொல்லை இதோடு சேர்ந்துகொள்கிறது. அதன் இனங்களுள் பித்தியம் அஃபானிடெர்மேட்டம் வெதுவெதுப்பான நீரில் செழிப்பது. ஆக்சிஜன் குறைந்து தளர்ந்த வேர் அதற்கு எளிய இரை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் மிதவைத் தட்டு முறையில் லெட்டூஸ் வளர்ப்பதற்கு வகுத்த வழிகாட்டுதலில், குளத்து நீர் 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வெப்பமண்டலத்தில் இது எவ்வளவு கடினம் என்பதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் லீ சிங் கோங், ஜியே ஹே ஆகியோரின் வேலை நன்கு விளக்குகிறது. 1990களில் அவர்கள் இலைகளை அங்குள்ள வெப்பக் காற்றிலேயே விட்டுவிட்டு, வேர்ப்பகுதியை மட்டும் 20 டிகிரிக்குக் குளிர்வித்து லெட்டூஸை நன்றாக வளர்த்துக் காட்டினார்கள். செடியைச் சுற்றியுள்ள காற்று முழுவதையும் குளிர்விப்பதற்குப் பதில் வேரைக் குளிர்வித்தால் பெரும்பயன் கிடைக்கும் என்பது இதன் செய்தி. நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறு இருக்க முடியாது.

இனிப் பம்புக்குள் நடப்பதைப் பார்க்கலாம். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சிறிய காற்றுப் பம்பில் சுழலும் மோட்டார் கிடையாது. ஒரு கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது, அதன் எதிரே ஒரு கையின் நுனியில் பொருத்திய காந்தம் விநாடிக்கு 50 முறை அதிர்கிறது. அந்தக் கை ஒரு ரப்பர் டயஃப்ரத்தை அழுத்தியும் இழுத்தும் காற்றைத் தள்ளுகிறது. இன்னும் பெரிய பம்புகளில் டயஃப்ரத்துக்குப் பதில் ஒரு பிஸ்டன் இதே வகையில் முன்னும் பின்னும் ஓடும். அவற்றின் அலுமினிய உடலில் துடுப்புப் போன்ற வரிகள் இருப்பது வெப்பத்தை வெளியேற்றுவதற்காகவே. எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றைத் தரும் 10 வாட் பம்பை எடுத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் நீர் ஆழத்தையும், காற்றைச் சிறு குமிழிகளாகப் பிரிக்கும் நுண்துளைக் கல்லான ஏர் ஸ்டோனின் தடையையும் சேர்த்து, அது எதிர்கொள்ளும் அழுத்தம் 10 கிலோபாஸ்கல் என்று வைத்தால், காற்றைத் தள்ளும் பயனுள்ள வேலை ஏறத்தாழ 1.7 வாட் மட்டுமே. மீதி எட்டு வாட்டுக்கு மேல் சுருளின் செம்பிலும், இரும்புக் கருவிலும், ரப்பர் மடிந்து நிமிர்வதிலும் வெப்பமாகிவிடுகிறது. பம்பு சுடுவதற்குக் காரணம் இதுதான். அது பழுதின் அடையாளம் அல்ல.

இதற்கு மேல் இன்னொரு வெப்பமும் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்போம். காற்றை வேகமாக அழுத்தினால் அதன் வெப்பநிலை உயரும். மேலே சொன்ன 10 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கு, வெப்பம் எங்கும் கசியாவிட்டால், 30 டிகிரிக் காற்று ஏறத்தாழ 8 டிகிரி உயரும். தொட்டி ஆழமாக ஆக, ஸ்டோன் அடைபட அடைபட, இந்த உயர்வும் கூடும். ஆக, பம்பின் வாயிலிருந்து வெளிவரும் காற்று, அழுத்தத்தால் கொஞ்சமும் பம்பின் சூடான உள்ளறைகளைக் கடந்து வருவதால் மீதியுமாகச் சுற்றுக் காற்றைவிட 20 டிகிரி அதிகமாக இருப்பது நடக்கக்கூடியதே. வெளிக்காற்று 35 டிகிரி என்றால் பம்பின் வாயில் 55 டிகிரி. கேட்க அச்சமூட்டும் எண்தான்.

ஆனால் காற்று வெப்பத்தைச் சுமந்து செல்வதில் மிகவும் எளிய கூலியாள். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,190 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.15 ஜூல் போதும். இடைவெளி மூவாயிரம் மடங்குக்கு மேல். நாம் எடுத்துக்கொண்ட பம்ப் மணிக்கு 600 லிட்டர் காற்றை அனுப்புகிறது. 55 டிகிரியில் உள்ள அந்தக் காற்று 30 டிகிரி நீருக்குள் நுழைந்து முழுவதுமாகக் குளிர்ந்தாலும் அது விட்டுச்செல்லும் வெப்பம் சராசரியாக 4.8 வாட்தான். குமிழிகள் நீரைக் கலக்குவதால் உண்டாகும் வெப்பம் அரை வாட்டைத் தாண்டாது.

கணக்கு இங்கேயே முடிந்துவிடவில்லை. பலர் விட்டுவிடும் பாதி இனிமேல்தான் வருகிறது. மண்பானையில் நீர் குளிர்வது எதனால் என்பது நமக்குப் பாட்டி காலத்திலிருந்தே தெரியும். பானையின் வெளிப்புறத்தில் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தொட்டிக்குள் எழும் ஒவ்வொரு குமிழியும் அதே வேலையைச் செய்கிறது. உள்ளே வரும்போது ஓரளவு உலர்ந்திருக்கும் குமிழி, மேலே வந்து வெடிக்கும்போது ஆவியால் நிறைந்திருக்கிறது. அந்த ஆவிக்கான வெப்பம் நீரிலிருந்து போனதாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 ஜூல் தேவை. சென்னையில் 35 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு பிற்பகலில், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். 30 டிகிரி நீரோடு சமநிலைக்கு வந்த காற்றில் அது 30 கிராமுக்குச் சற்று மேல். எனவே நம் பம்ப் அனுப்பும் காற்று மணிக்கு நான்கு கிராம் நீரைத் தூக்கிச் செல்கிறது. அதனால் தொட்டி இழக்கும் வெப்பம் 2.7 வாட். இதைக் கழித்தால், சூடான காற்றை நேரடியாக உள்ளே விட்டபோதும் நிகர வரவு இரண்டு வாட்தான். அதே காற்றை, பம்பிலிருந்து வந்த சூட்டை வழியில் இழக்கச் செய்து 35 டிகிரியிலேயே உள்ளே விட்டால், வெப்ப வரவு ஒரு வாட், ஆவியால் இழப்பு 2.7 வாட். இப்போது குமிழிகள் நீரைச் சூடாக்கவில்லை, குளிர்விக்கின்றன.

கோவை போன்ற உள்மாவட்டங்களில் மார்ச் மாதப் பிற்பகலில் காற்று வெகுவாக உலர்ந்திருக்கும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால், ஆவியால் ஏற்படும் குளிர்ச்சி 7.5 வாட்டுக்கு வந்துவிடுகிறது. பம்பின் சூடு முழுவதும் தொட்டிக்குள் போனாலும் குளிர்ச்சியே மேலோங்கி நிற்கும். கடலோர ஊரில் மண்பானை நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை, உள்மாவட்டங்களில் ஜில்லென்றிருக்கிறது என்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. ஆகவே காற்றுப் பம்ப் தொட்டியைச் சூடாக்குமா என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஓர் ஊரில் கண்டதை இன்னோர் ஊரில் உள்ளவருக்கு உறுதியாகச் சொல்வதால்தான் வளர்ப்பவர்களிடையே இது பற்றி இவ்வளவு முரண்பாடு.

இந்தக் கணக்கு இன்னும் ஓர் இடத்தில் திசை மாறுகிறது. சில்லர் வைத்து நீரைக் குளிர்விப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஆவி நீராக ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. தொட்டி நீரை அதற்குக் கீழே, 20 டிகிரியில் வைத்திருந்தால், குமிழிகளில் உள்ள ஆவி நீருக்குள்ளேயே குளிர்ந்து ஒடுங்கும். ஆவியாகும்போது எடுத்துச் சென்றிருக்க வேண்டிய வெப்பத்தை இப்போது உள்ளே கொட்டிவிட்டுப் போகும். நம் பம்பின் அளவுக்கு அது 2.7 வாட், காற்று தானே குளிர்வதால் வரும் 2.9 வாட்டையும் சேர்த்தால் ஐந்தரை வாட்டுக்கு மேல். இத்தனைக்கும் பம்பின் சொந்தச் சூட்டை இதில் சேர்க்கவே இல்லை. நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று விடும் ஒரு சிறு பண்ணையில் இது 110 வாட்டைத் தாண்டும். சில்லர் இரவும் பகலும் அந்தச் சுமையைத் தூக்க வேண்டியிருக்கும். கரைசலைக் குளிர்விக்கப் பணம் செலவிடுபவர், பம்பின் உறிஞ்சுவாயை ஏ.சி. அறையின் உலர்ந்த குளிர் காற்றோடு இணைப்பது நல்லது. பம்ப் அறைக்கு வெளியே இருக்கட்டும். இழுக்கும் காற்று மட்டும் உள்ளிருந்து போகட்டும்.

சரி, அந்த இரண்டு வாட் வரவால் தொட்டி நீர் எவ்வளவு சூடாகும்? அறுபது லிட்டர் கரைசல் கொண்ட ஒரு தொட்டியின் வெளிப்பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். தொட்டி சுற்றுப்புறத்தைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால், அந்தப் பரப்பின் வழியாகத் தோராயமாக எட்டு வாட் வெளியேறும். அப்படியானால் இரண்டு வாட் தரும் உயர்வு கால் டிகிரி. தெர்மாமீட்டரில் கூட அதைப் பிரித்தறிவது கடினம். இப்போது அதே தொட்டிக்குள் 18 வாட் சப்மெர்சிபிள் நீர்ப் பம்ப் ஒன்று மூழ்கிக் கிடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அது இழுக்கும் மின்சாரம் முழுவதும், சுருளின் வெப்பமாகவோ நீரைச் சுழற்றிய உராய்வாகவோ, கடைசியில் கரைசலுக்குள்தான் சேரும். உயர்வு இரண்டேகால் டிகிரி. காற்றுப் பம்ப் வெளியே இருப்பதால் அதன் சூடு கண்ணுக்கும் கைக்கும் தெரிகிறது. நீர்ப் பம்பின் சூடு நீருக்குள் மறைந்திருப்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. குழாய்களில் கரைசலை ஓடவிடும் என்.எஃப்.டி. முறையில், தேவைக்கு மேற்பட்ட வாட் கொண்ட மூழ்குபம்புதான் பல நேரங்களில் முதல் குற்றவாளி.

வெயிலோடு ஒப்பிட்டால் இந்த இரண்டுமே சிறியவை. நடுப்பகலில் தெளிந்த வானிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் வெப்பம் இறங்குகிறது. நம் தொட்டியின் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், அதன்மேல் விழுவது 200 வாட். கறுப்பு மூடி அதில் பாதியை உள்ளே கடத்தினாலே கரைசல் மணிக்கு 1.4 டிகிரி ஏறும். கீழே கொதிக்கும் கான்கிரீட் தளத்திலிருந்து வருவதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பம்புக்குச் செலவிடும் கவலையில் முதல் பங்கை நிழல்வலைக்கும், தொட்டியைச் சுற்றிய தெர்மாகோலுக்கும், வெள்ளை வண்ணத்துக்கும், தளத்திலிருந்து தொட்டியை ஒரு சாண் உயர்த்தும் செங்கற்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். இவை எதையும் செய்யாமல் ஐஸ் பாட்டில் போடுவது விடிவதற்குள் தீர்ந்துபோகும் வைத்தியம். ஒரு லிட்டர் ஐஸ் முழுவதும் உருகி நீரின் வெப்பநிலைக்கு வந்தாலும், 60 லிட்டர் கரைசல் இரண்டு டிகிரிக்கும் சற்றுக் குறைவாகவே இறங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் பம்பின் சூட்டைக் கவனிக்காமல் விடலாகாது. சூடான காற்றுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு, கடலோர ஊரில், சூடாக்கும் தொட்டிக்கும் குளிர்விக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள வேறுபாடு என்பதைக் கண்டோம். அதைச் சரிசெய்யச் செலவே தேவையில்லை என்பது மகிழ்ச்சியான விஷயம். காற்று வெப்பத்தை அதிகம் சுமக்காததால், அதை இழக்கவும் அதற்கு நேரமாவதில்லை. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்று போகும் சாதாரண மெல்லிய குழாயில், ஒவ்வொரு மீட்டரிலும் அதிகப்படியான சூட்டில் ஏறத்தாழ பாதி வெளியேறிவிடும். பம்பின் வாயில் சுற்றுக் காற்றைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தால், ஒரு மீட்டரில் அது 10 ஆகி, மூன்று மீட்டரில் இரண்டரை ஆகிவிடும். ஆகவே பம்பைத் தொட்டியை ஒட்டி வைக்காமல், நிழலில் செல்லும் மூன்று மீட்டர்க் குழாயோடு தள்ளி வைத்தாலே போதும். குழாய் வெயிலில் கிடந்தால் இந்தப் பயன் கிடைக்காது. கறுப்புக் குழாய் கொதிக்கும் தளத்தில் கிடந்தால் பலன் தலைகீழாகிவிடும். செம்புச் சுருளை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் உட்புறத்தில் பனித்து ஒழுகும் ஈரம் செம்பைக் கரைத்துக்கொண்டு தொட்டியில் சேர்ந்தால், மிகச் சிறிய அளவிலேயே வேருக்கு அது நஞ்சாகும்.

பம்பை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. மின்வெட்டின்போது குழாய் வழியாக நீர் பின்னோக்கி ஏறிப் பம்புக்குள் போய்விடாமலிருக்க, நீர்மட்டத்துக்கு மேலே பம்பை வைக்கச் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு நிழல்வலைக்கோ பாலித்தீன் கூரைக்கோ அடியில், உச்சியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். சூடான காற்று மேலே ஏறுவதால், கொட்டகையிலேயே மிகச் சூடான இடம் அதுதான். பம்ப் அங்கிருந்து 40 டிகிரிக்கு மேலான காற்றை இழுத்துக் கரைசலுக்குள் விடும். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, நாள் முழுவதும் நிழல் இருக்கும் இடத்தில், காற்றோட்டமுள்ள தட்டில் வைப்பது சிறந்தது. அதற்கு இடமில்லையென்றால், கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு குழாயிலும் நான்-ரிட்டர்ன் வால்வ் போட்டுக்கொள்ளலாம்.

மழைக்குப் பயந்து பம்பை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பது இன்னொரு பொதுத்தவறு. ஒவ்வொரு பக்கமும் 20 சென்டிமீட்டர் உள்ள டப்பாவில் 10 வாட் பம்ப் ஓடினால், உள்ளிருக்கும் காற்று வெளியைவிட ஏறத்தாழ ஏழு டிகிரி ஏறும். 30 சென்டிமீட்டர் டப்பாவில் 45 வாட் பிஸ்டன் பம்ப் என்றால் 14 டிகிரி. டப்பாமேல் வெயில் பட்டால் இதற்கும் மேல். பம்ப் அந்தச் சூடான காற்றையே மறுபடி இழுத்து, மறுபடி சூடாக்கி அனுப்புகிறது. மேலே மட்டும் கூரையிட்டு, கீழும் பக்கங்களும் திறந்திருக்கும் அமைப்பே மழைக்கும் வெப்பத்துக்கும் ஏற்றது. ஈரத்துணி போர்த்திப் பம்பைக் குளிர்விக்கும் பழக்கத்தை மட்டும் யாரும் கைக்கொள்ள வேண்டாம். அதில் 230 வோல்ட் ஓடுகிறது. நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இந்த வேலையில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் எந்தப் பம்பையும் இணைக்கக் கூடாது.

பம்பு முன்பைவிட அதிகமாகச் சுடுகிறதென்றால் பெரும்பாலும் காரணம் ஏர் ஸ்டோனில் இருக்கும். சத்துக்கரைசலின் உப்பும் பாசியும் ஸ்டோனின் நுண்துளைகளை மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டே வரும். காற்றோட்டம் குறையும்போது, பம்பின் உள்ளறைகளைக் குளிர்வித்துவந்த ஓட்டமும் குறைகிறது. அழுத்தம் கூடுவதால் அழுத்தத்தால் எழும் சூடும் ஏறுகிறது. ஸ்டோனை நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் பம்பின் சூடு தணிவதைக் கையாலேயே உணரலாம். பம்பின் அடியில் இருக்கும் உறிஞ்சுவடிகட்டிப் பஞ்சு தூசியால் அடைபட்டாலும் இதே விளைவுதான். தேவைக்கு மேல் காற்று வந்தால் வால்வைத் திருகி அடைப்பதும் இதே வகைத் தவறு. மிச்சக் காற்றை ஒரு தனி வால்வ் வழியாக வெளியே விட்டுவிடுவதே பம்பின் ஆயுளுக்கு நல்லது. பொதுவான மதிப்பீட்டின்படி, வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ரப்பரின் ஆயுள் பாதியாகும். கோடையில் டயஃப்ரம் கிழிவது அதிகமாவதற்கு இதுவே காரணம். கிழிந்தது தெரியாமல் பம்பு உறுமிக்கொண்டே இருக்க, தொட்டியில் குமிழி நின்றுபோயிருக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரில் பம்பை ஓட்டுபவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். மலிவான இன்வெர்ட்டர்கள் சதுர அலையில் மின்சாரம் தருகின்றன. கம்பிச்சுருளை நம்பி ஓடும் பம்பு அந்த அலையில் கூடுதலாக இரைந்து, கூடுதலாகச் சூடாகும். நீண்ட மின்வெட்டுகள் உள்ள பகுதியில் சைன் அலை இன்வெர்ட்டரோ, பேட்டரியில் நேரடியாக ஓடும் டி.சி. பம்போ வைப்பது நல்லது.

டைமர் போட்டுப் பம்பை விட்டுவிட்டு ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கால் மணி நேரம் ஓடி, கால் மணி நேரம் நின்றால், பம்பின் வெப்பம் பாதியாகும் என்பது சரி. ஆனால் நீர் சூடாக இருக்கும் நேரத்தில்தான் வேர் ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கிறது. அப்போது பம்பை நிறுத்துவது, கால் டிகிரிச் சூட்டைத் தவிர்ப்பதற்காக மூச்சை நிறுத்துவது போன்றது. நீர் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் மார்கழி, தை மாதங்களில் டைமர் தவறில்லை. கோடையில் தொடர்ந்து ஓடட்டும். காற்றுப் பம்பே வேண்டாம் என்பவர்களுக்கு, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இருக்கிறது. அதில் கரைசல் குறையக் குறைய, மேலே உருவாகும் ஈரமான காற்று இடைவெளியிலேயே வேரின் மேற்பகுதி சுவாசித்துக்கொள்ளும். பம்பின் சூடு அங்கே இல்லை. வெயிலின் சூடு மட்டும் அப்படியே இருக்கும், ஆகவே நிழலின் தேவையும் அப்படியே இருக்கும்.

செயற்கை விளக்கில் அடுக்கடுக்காக வளர்க்கும் மூடிய அறைகளில் நிலைமை வேறு. அங்கே பம்பு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் அறைக்குள் வெப்பமாகத் தங்கி, ஏ.சி.யின் வேலையைக் கூட்டுகிறது. நூறு வாட் பம்புகளின் வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. இன்னும் முப்பது வாட்டுக்கு மேல் இழுக்கும். பம்புகளை அறைக்கு வெளியே வைத்து, உறிஞ்சுவாயை மட்டும் உள்ளே விடச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

தன் தொட்டியில் என்ன நடக்கிறது என்பதை அறிய விரும்புபவருக்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். பிற்பகல் இரண்டு மணிக்கு, ஸ்டோனைக் கழற்றிவிட்டுக் குழாயின் முனையில் வரும் காற்றை நிழலில் அளந்து, பம்பின் உறிஞ்சுவாய் அருகே உள்ள காற்றையும் அளந்து ஒப்பிட வேண்டும். வேறுபாடு மூன்று டிகிரிக்குள் இருந்தால், குழாயை நீட்டுவதால் இனிப் பயனில்லை. அதற்கு மேல் இருந்தால், குழாயையும் பம்பின் இடத்தையும் மாற்ற வேண்டும். பிறகு, செடியில்லாத ஒரு தொட்டியில் அதே அளவு நீரை நிரப்பி, நிழலில் வைத்து, ஒரு நாள் பம்பை ஓடவிட்டும் மறுநாள் நிறுத்தியும், விடியற்காலையிலும் பிற்பகலிலும் நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாட்களும் ஒரே மாதிரியான வெயிலாக இருப்பது முக்கியம். பம்பு ஓடிய நாளில் நீர் குளிர்ந்திருந்தால், அந்த ஊரின் காற்று வளர்ப்பவருக்கு உதவுகிறது, பம்பை நாள் முழுவதும் ஓட்டலாம். சூடாகியிருந்தால், முதலில் பம்பின் இடத்தை மாற்றி, மூன்றாம் நாளும் அதே அளவீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.